அம்மிணிக்கு: ஷூட்டிங்குக்கு முன்னால் தியேட்டர் வரை ஒருமுறை

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் படத்துக்கு நீ அனுப்பிய பட்ஜெட்டை நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கேமரா வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் வரி வரியாக இருக்கிறது. எடிட்டிங்கில் இருந்து டிசிபி (தியேட்டரில் ஓட்டுகிற கடைசி ஃபைல் தொகுப்பு) வரைக்கும் மட்டும் ஒரே வரி, ஒரே தொகை. அந்த வரியை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. கல்யாண வீடியோ கேசட்டில் இருந்து கார்டுக்கு மாறியதை இந்தக் கடையிலேயே பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க் கணக்கு. கேமராமேன் தம்பி 4கே-யில் (3840-க்கு 2160) ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்கிற உயர்தர ரெக்கார்டிங் முறையைக் கேட்கிறார். செகண்டுக்கு 24 ஃப்ரேமில் அது மணிக்குச் சுமார் 318 ஜிபி. 22 நாள், நாளுக்கு 2 மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 14 டிபி, ரெண்டு காப்பிக்கு 28. சாதா 422 என்றால் மணிக்கு 212 ஜிபி. அதே 28 டிபி-யில் மூணு காப்பி வைக்கலாம். நிற நுணுக்கத்தில் ரெண்டுமே 10 பிட்தான். என் மனசு மூணு காப்பி பக்கம்.

ஏன் என்று சொல்கிறேன். நீ எட்டாவது படித்தபோது நம்பியூர் பக்கம் ஒரு கல்யாணம். இணைச்சீர் (மாப்பிள்ளையும் அவர் சகோதரியும் சேர்ந்து செய்கிற சீர்) முழுக்க ஒரே கார்டில் இருந்தது. மண்டபத்திலேயே அவசரமாக லேப்டாப்பில் ஏற்றினோம். ஃபைல் பெயரெல்லாம் வந்திருந்தது, அதை மட்டும் பார்த்துவிட்டு முகூர்த்தத்துக்குக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். கடைக்கு வந்து திறந்தால் பாதி ஃபைல் 0 கேபி. சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்தது, மாப்பிள்ளையின் அக்கா கண் கலங்கி நின்றது, எதுவும் இல்லை. நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கண் கலங்கி நின்ற அந்தப் பொண்ணு திட்டவில்லை. "அது மறுக்கா நடக்காதுங்களேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அதனால் இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாதீர்கள். ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் காப்பி எடுக்கிற க்ளோன் டூல் இருக்கிறது. எழுதியது சரியாக வந்ததா என்று செக்சம் (ஃபைலின் அடையாள எண்) ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும். ரெண்டு டிஸ்க்கில் சரி பார்த்த பிறகுதான் கார்டைத் தொடணும். மூணாவது டிஸ்க் நம்ம கடைக்கு வரட்டும், பூட்டி வைக்கிறேன்.

எடிட் வேறு மென்பொருளில், டிஐ (நிறம் சரிசெய்யும் வேலை) ரிசால்வில் என்று எழுதியிருக்கிறாய். பழகிய எடிட்டர் கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் எடிட் விவரம் இருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலை எடுத்து, மறுபடி ஷாட் ஷாட்டாக ஒரிஜினலோடு பொருத்திக் கன்ஃபார்ம் செய்யும்போது, ஸ்பீடு மாற்றியது, பெரிதாக்கியது எல்லாம் இடம் மாறி நிற்கும். ஒருத்தர் உட்கார்ந்து சரி பார்க்கணும், அவருக்குச் சம்பளமும் தரணும். ரெண்டையும் ரிசால்விலேயே முடித்தால் அந்த வேலையே கிடையாது. இலவசப் பதிப்பு 3840-க்கு 2160 வரை எக்ஸ்போர்ட் தரும். உனக்கு வேண்டியது 2கே டிசிபி, 1998-க்கு 1080. போதும்.

உன் லேப்டாப் 4கே-யை இழுக்காது, ப்ராக்ஸியில், அதாவது ஒவ்வொரு ஃபைலின் சின்னக் காப்பியில், எடிட் செய். 1080-ல் ப்ரோரெஸ் ப்ராக்ஸி மணிக்கு 16 ஜிபி. 44 மணி நேரமும் ஒரு 1 டிபி டிஸ்க்கில் அடங்கிவிடும். ப்ராக்ஸியின் பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃப்ரேமின் நேர எண்) மட்டும் யாரும் மாற்றக் கூடாது.

அப்புறம் செகண்டுக்கு 24 ஃப்ரேமா, 23.976-ஆ என்கிற விஷயம். நம்ம கல்யாண வீடியோ எல்லாம் 25. தியேட்டருக்கு நேர் 24 வை, 23.976 வேண்டாம். ரெண்டும் கலந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 செகண்டு சவுண்டு விலகிவிடும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 172.8 டிகிரியில் வைக்கச் சொல், இல்லாவிட்டால் டியூப்லைட் மினுக்கும். சவுண்டு 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். க்ளாப் அடிக்காமல் ஒரு டேக் கூடப் போகக் கூடாது.

எடிட் லாக் ஆகாமல், அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவாகாமல், சவுண்டுக்கும் டிஐ-க்கும் அனுப்பாதே சாமி. ஒரு ஷாட்டை நீ நாலு ஃப்ரேம் வெட்டினால் அதற்குப் பிறகு இருக்கிற சவுண்டு அத்தனையும் நகரும்.

இத்தனையும் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். எங்கே இடறும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஷூட்டிங்குக்கு முன்னால் ரெண்டு நிமிஷக் காட்சி ஒன்று எடு. அதே கேமரா, அதே மைக். கார்டு, காப்பி, ப்ராக்ஸி, எடிட், மிக்சிங், டிஐ எல்லாம் தாண்டி டிசிபி வரைக்கும் கொண்டு போ. டிசிபி செய்கிற டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருள் இலவசம்தான். ஒவ்வொரு படிக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வை. அதை வைத்து அந்த ஒரு வரியை ஏழெட்டு வரியாகப் பிரித்துவிடலாம்.

இங்கே தியேட்டர் ஆபரேட்டரிடம் பேசிவிட்டேன். காலைக்காட்சிக்கு முன்னால் அரை மணி நேரம் திரை தருகிறேன் என்றார். அடுத்த வாரம் உன் கூட வேலை செய்கிற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. கொடிவேரியில் வெயில் ஏறுமுன் எடுத்துவிடலாம். அம்மா உனக்குப் பிடித்த ஒப்புட்டு செய்கிறேன் என்கிறாள். வரும்போது டிஸ்க்கும் கேபிளும் மறக்காதே.

அன்புடன்,
அப்பா