செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: ஓசூர் ரோஜாவும் முகூர்த்தக் கணக்கும்

நம் ரோஜா விவசாயிகள் சங்கப் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். பூ எப்போது குவிந்தது, எப்போது தட்டுப்பாடானது, ஏன் என்பதையே இங்கு சொல்கிறேன்.

ஆடியில் விலை இறங்கியது எதிர்பார்த்ததுதான். தமிழ்நாட்டில் கல்யாணம் நிற்கும் அதே நாள்களில் வடக்கே சாதுர்மாஸ்யம் என்ற, கல்யாணம் வைக்காத நான்கு மாத விரதகாலம் நடக்கும். டெல்லி காசிப்பூர் பூ மண்டிக்கும் லோடு குறையும். செடியோ ஓயாது. அந்த நாள்களில் பூவை வெட்டி வண்டி வாடகைக்கே அனுப்புவதைவிட, மொட்டைக் கிள்ளிவிட்டு இலையை வளர்ப்பது மேல். பலமில்லாத தண்டுகளை வளைத்துவிட்டால் ஐப்பசிப் பூவுக்குக் காம்பு நீளம் கிடைக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில், சாதுர்மாஸ்யத்தை முடித்துவைக்கும் ஏகாதசி கழிந்து வடக்கே முகூர்த்தம் தொடங்கியது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்புக்குக் கேட்பு நன்றாக இருந்தது. டிசம்பர் நடுவில் நின்றது. வழக்கமாகப் பொங்கல் கழிந்ததும் அது மறுபடி தொடங்கும். இம்முறை சுக்கிர அஸ்தமனத்தால் (வெள்ளி சூரியனை ஒட்டி மறைந்திருக்கும், முகூர்த்தம் வைக்காத காலம்) பிப்ரவரி வரை தள்ளிப்போனது. ஆகவே கல்யாணக் கேட்பும் காதலர் தினக் கேட்பும் ஒரே பதினைந்து நாளில் வந்து விழுந்தன. இது முன்கூட்டியே பஞ்சாங்கத்தில் தெரிந்த சேதி. டிசம்பர் கவாத்தை, அதாவது பூவுக்காகச் செடியை வெட்டிவிடுவதை, பிரித்துச் செய்ய அதுவே போதுமான காரணம்.

கவாத்து முதல் பூ வரை வெயில் காலத்தில் 40–45 நாள்; நம் ஊர் மார்கழிக் குளிரில் 55 நாள் வரை இழுக்கும். பிப்ரவரி ஏற்றுமதிப் பூவை ஜனவரி கடைசியிலேயே வெட்ட வேண்டும், அதற்கு டிசம்பர் முதல் வாரக் கவாத்து. உள்நாட்டுக்கு பிப்ரவரி 7–11 வெட்டு, அதற்கு டிசம்பர் நடு. பசுமைக்குடில் முழுவதையும் ஒரே நாளில் கவாத்து செய்தால் பூவும் ஒரே நாளில் வந்து நிற்கும். மூன்று பங்காக, நான்கைந்து நாள் இடைவெளியில் செய்யுங்கள். தாஜ்மகால் என்ற சிவப்பு ரகம் மட்டுமே வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிப்ரவரி 14 கழிந்தால் சிவப்பைக் கேட்க ஆள் குறைவு.

விலை ஏறும் என்று குளிர் அறையில் அடுக்கி வைப்பதால் வரும் நட்டம் பெரிது. 2–4 டிகிரியில் இருந்த கட்டை வெளியே எடுத்ததும் இதழில் நீர் கோக்கும்; சாம்பல் பூசணம் அதில்தான் பிடிக்கும். பெட்டி கட்டும்போது புள்ளி தெரியாது, மண்டியில் பிரிக்கும்போது தெரியும். வெட்டிய அரை மணிக்குள் காம்பைத் தண்ணீரில் வையுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் குளிரில் நீர் குடித்த பிறகே 20 காம்புக் கட்டாகக் கட்டுங்கள். பனிக்காலத்தில் சாயங்காலம் பாசனம் வேண்டாம். காலையில் பக்கத்திரையைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அடிச்சாம்பல் நோய் வந்து, தொட்டாலே இலை உதிரும். பூக்க மூன்று வாரம் இருக்கையில் இலை போனால் 60 செ.மீ. காம்புத் தரம் கைக்கு வராது.

இன்னொரு தவறு, நீளத்துக்கு ஆசைப்பட்டு அடியோடு வெட்டுவது. தண்டில் ஐந்து சிற்றிலை கொண்ட இலை இரண்டையாவது விட்டு வெட்டுங்கள். அடுத்த பூ அங்கிருந்துதான் வரவேண்டும்.

வரும் ஆண்டு சென்ற ஆண்டைப் போல் இருக்காது. மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜேஷ்டம், அதாவது சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் மாதம். வடக்கிலும் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்திலும் கல்யாணம் குறையும். தமிழ்நாட்டு வைகாசி முகூர்த்தம் மட்டுமே தாங்கும், அதற்கேற்ற அளவே பூ வேண்டும். அதே காரணத்தால் பண்டிகைகளும் பின்னே போகின்றன: தீபாவளி நவம்பர் 8, வடக்கு முகூர்த்தம் தொடங்கும் ஏகாதசி நவம்பர் 20. சென்ற ஆண்டுப் பழக்கத்தில் செப்டம்பர் நடுவில் கவாத்து செய்தால் பூ இரண்டு மூன்று வாரம் முந்திவிடும். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 5 வரை செய்வதே சரி. டிசம்பர் நடுவில் முகூர்த்தம் நின்றுவிடும் என்பதால் விற்பனைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

சங்க அலுவலகத்தில் கவாத்துப் பதிவு நோட்டு வைத்திருக்கிறோம். குடில் பரப்பு, ரகம், கவாத்துத் தேதி மூன்றையும் செப்டம்பர் 20க்குள் எழுதிவிடுங்கள். எந்த வாரம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் வண்டியும் மண்டியும் பேச முடியும்.

செயலாளர்