பார்க்காததற்கு ‘சரி’ போடச் சொல்லும் பயிற்சி: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1997-ஆம் ஆண்டின் மின்தூக்கிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தங்கள் துறை. லிஃப்ட் ஆய்வு என்றால் என்ன என்று தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் ஐடிஐ-யில் லிஃப்ட் அண்ட் எஸ்கலேட்டர் மெக்கானிக் பிரிவில் படித்துவிட்டு, கோவையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். ஆய்வாளராக வேண்டும் என்ற ஆசையில், தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வுப் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எனக்கும் அவர்களுக்குமான தகராறு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வகுப்பு முழுக்கத் திரையில் படம்தான். கையில் கொடுத்த குறிப்புகள் லிஃப்டுக்கான பழைய இந்தியத் தரநிலை ஐஎஸ் 14665-இல் இருந்து எடுத்தவை. 2022-லேயே புதிய தரநிலை ஐஎஸ் 17900 வந்துவிட்டதே என்று கேட்டதற்கு, ‘அடிப்படை மாறாது தம்பி’ என்றார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். செய்முறை நாளன்று நடந்ததைத்தான் விட முடியவில்லை.

ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். விருந்தினர்கள் போய்வந்துகொண்டிருந்த லிஃப்ட் அது. மேனேஜர் முகத்தைச் சுளித்தபடியே அனுமதித்தார். மேலும் கீழும் போய்வந்தோம், அலாரத்தை அழுத்திப் பார்த்தோம், மெஷின் ரூமை வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். பிட்டில், அதாவது லிஃப்ட் ஓடும் ஷாஃப்ட்டின் அடியில் இருக்கும் பள்ளத்தில், தண்ணீர் நிற்கிறது, யாரும் இறங்க வேண்டாம் என்றார் பயிற்சியாளர். பிறகு ஆளுக்கொரு படிவம் வந்தது. பிட், மோதலைத் தாங்கும் பஃபர், பிட் ஸ்டாப் சுவிட்ச், கவர்னர் ரோப்பின் டென்ஷன் புல்லி என்று வரிசையாக இருந்த எல்லாவற்றுக்கும் எதிரே ‘சரி’ போடச் சொன்னார்கள்.

நான் ‘பார்க்கவில்லை, பிட்டில் தண்ணீர்’ என்று எழுதிக் கொடுத்தேன். படிவம் முழுமையாக இல்லை என்று என் சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பேட்ச்சில் மறுபடியும் பணம் கட்டி வர வேண்டுமாம். ‘சரி’ போட்டவர்கள் எல்லாரும் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்.

ஐயா, பிட்டில் தண்ணீர் நிற்பது ஆய்வைத் தவிர்க்கக் காரணமா, அல்லது ஆய்வு அறிக்கையில் முதலில் எழுத வேண்டிய குறையா?

லிஃப்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் அதைப் பிடித்து நிறுத்துவது கவர்னரும் சேஃப்டி கியரும். வேகம் வரம்பைத் தாண்டியதும் கவர்னர் தன் ரோப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பில் கேபினில் இருக்கும் சேஃப்டி கியர், லிஃப்ட் ஓடும் தடமான கைடு ரெயிலைக் கவ்வும். ரோப்பை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷன் புல்லி இருப்பது அந்தத் தண்ணீர் நின்ற பிட்டில்தான். அது துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, அதோடு இருக்கும் எடை தரையில் உட்கார்ந்து ரோப் தொய்ந்து கிடக்கிறதா என்பதை இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் ஈலிஷா ஓட்டிஸ் மேடையில் ஏறி நின்றுகொண்டு, தூக்கிய கயிற்றையே வெட்டச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதை ஊருக்குக் காட்டினார். நமக்கு இன்னும் ஸ்லைடு ஓடுகிறது.

கதவு லாக்கும் இதே கதைதான். பழுது பார்க்கும்போது லாக்கின் மின்சுற்றைத் தாண்டிப் போக வைக்கப் போட்ட ஜம்பர் ஒயரை எடுக்க மறந்துவிட்டால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகரும். கேபினுக்குள் நின்று பட்டனை அழுத்துகிறவருக்கு அந்த ஒயர் தெரியவே தெரியாது. எங்கே தேட வேண்டும் என்று கற்றவன் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால்தான் அகப்படும்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஓடுகிற லிஃப்டுடன் ஒரு பயிற்சி ஷாஃப்ட்டை அரசே அமைக்க வேண்டும். பிட்டில் இறங்கி, கேபினின் மேல் ஏறி, கவர்னரை இயக்கி, பிரேக்கைச் சோதித்து, வேண்டுமென்றே வைத்த குறைகளைக் கண்டுபிடித்துக் காட்டாத எவருக்கும் லிஃப்ட் ஆய்வுச் சான்று தரக்கூடாது. அரசு ஐடிஐ ஒன்றில் இடம் ஒதுக்கினாலே போதும். தங்கள் துறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கும் அது உதவும். உயர் அழுத்த மின் இணைப்பு, ஜெனரேட்டர், சினிமா தியேட்டர் என்று எல்லாவற்றையும் பார்க்கிற துறையில், லிஃப்டுக்கென்று எத்தனை நாள்தான் ஒதுக்க முடியும் என்பது எனக்கும் புரிகிறது.

குடியிருப்போர் சங்கங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கேபினுக்குள் கிரானைட், கண்ணாடி, பாட்டு எல்லாம் வேண்டும். ஏஎம்சி, அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், என்று வந்தால் மட்டும் யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே. ரோப் மாற்ற வேண்டும் என்று சொல்கிற மெக்கானிக் அவர்கள் கண்ணுக்குக் கமிஷன் அடிக்கிறவன். ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறவன் நல்ல பையன். ஆய்வுக்கு வருகிறவரும் ‘நல்ல பையனாக’ இருந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, லிஃப்ட் விழும் நாள் வரை. சரி, அது வேறு புலம்பல், இந்த மடலில் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தங்கள் துறையில் உதவி மின் ஆய்வாளராக டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதப் பொறியியல் பட்டம் வேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஷாஃப்ட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் வேலை பார்த்த மெக்கானிக்குகளை, முறையான பயிற்சியும் தேர்வும் வைத்து, ஆய்வுக்குத் துணையாகவாவது எடுத்துக்கொள்ளலாமே. வயர்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் தகுதிச் சான்று தர அரசிடம் ஏற்கெனவே ஒரு வாரியம் இருக்கிறது. லிஃப்டுக்கும் அதுபோல ஒன்றைக் கேட்பது பேராசை ஆகாது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பயிற்சி ஷாஃப்ட் கோரிக்கையைத் தயவுகூர்ந்து பரிசீலித்து, முடியும் அல்லது முடியாது என்று ஒரு பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மறுபடி பணம் கட்டப் போவதில்லை. அந்தப் படிவத்தையும் திருத்தித் தரமாட்டேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு லிஃப்ட் மெக்கானிக்