முதியவர்களுக்கும் துள்ள ஒரு மணித்தியாலம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் உடல்நலம் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிப்பவள் நான். உப்பைக் குறையுங்கள், சீனியைத் தள்ளி வையுங்கள், ஒவ்வொரு நாளும் நடவுங்கள் என்று எழுதுகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அறுபது கடந்தவர்களைப் பார்த்து, விளையாடுங்கள் என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் இன்னும் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வயது 68. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறேன். போன கோடையில் ரொறன்ரோவில் மகள் வீட்டில் நின்றபோது, பேத்தியின் பிறந்தநாளை ஓர் உள்ளரங்க ட்ரம்போலின் பூங்காவில் வைத்தார்கள். முன்பு பண்டகசாலையாக இருந்த பெரிய கட்டடம். உள்ளே தரை என்று ஒன்று இல்லை. சதுரம் சதுரமாக இழுத்துக் கட்டிய கறுப்புப் பாய்கள், சுற்றிவரச் ஸ்பிரிங், ஸ்பிரிங்கை மூடித் தடித்த மெத்தை. சுவரோரத்துப் பாய்கள் சாய்வாக மேலே போகின்றன. ஒரு மூலையில் பஞ்சுக் கட்டிகள் நிரப்பிய குழி. உள்ளே விடமுன் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த சொக்ஸ் ஒரு சோடி தருகிறார்கள். சறுக்காமல் இருக்கத்தான்.

வந்திருந்த அம்மம்மா, அப்பப்பாமார் எல்லோரும் வாங்கில் வரிசையாக இருந்தோம். மடியில் பிள்ளைகளின் ஜக்கெற், காலடியில் அவர்களின் சப்பாத்து. எங்கள் வேலை அதுதான் என்று எல்லோருக்கும் நினைப்பு, எங்களுக்கும்தான். பேத்தி வந்து, “அம்மம்மா, நீங்களும் வாங்கோவன்” என்று கையைப் பிடித்து இழுத்தாள். மகள் தயங்கினாள். அங்கே மேற்பார்வைக்கு நின்ற பெடியன்தான் வந்து கதைத்தான். இருதய வருத்தம் இருக்கிறதா, இடுப்பிலோ முழங்காலிலோ சத்திரசிகிச்சை செய்ததா, எலும்பு முறிந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, ஆட்கள் இல்லாத ஓரத்துப் பாய் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் என்னைக் குதிக்கச் சொல்லவில்லை. பாதம் பாயைவிட்டு எழும்பாமல் முழங்காலை மடித்து நிமிர்த்தச் சொன்னான், அவ்வளவுதான். பாய் கீழே போய்த் திரும்ப மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குக் கெண்டைக்கால் தன்பாட்டில் இறுகுகிறது, பிறகு தொடை, பிறகு வயிறு. கால்விரல்கள் சொக்ஸுக்குள் விரிந்து பாயைப் பிடிக்கின்றன. காலைக் குனிந்து பார்த்தால் தடுமாறுகிறது. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் உடம்பு தானாக நிமிர்கிறது. கொஞ்ச நேரத்தில் குதிக்கால் எழும்பியது, அப்புறம் முழுப் பாதமும். ஒரு சாண் உயரம்கூட இராது. ஆனாலும் மேலே போகிற அந்தக் கணத்தில் முழங்காலில் பாரமே தெரியவில்லை. படி ஏறும்போது “முருகா” என்று கூப்பிட வைக்கிற அதே முழங்கால்! மூச்சு வாங்கியது, வியர்த்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டு முற்றத்தில் நடக்கும்போது எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். அங்கே மணிக்கூட்டின் நினைவே வரவில்லை. எனக்கு முக்கியம் அந்தச் சந்தோசம்தான், மற்றப் பலன்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ட்ரம்போலின் சிறுபிள்ளைச் சாமானாகத் தோன்றியதும் அல்ல. அமெரிக்காவின் அயோவாவில் ஜோர்ஜ் நிசன் என்ற ஜிம்னாஸ்டிக் வீரர், சர்க்கஸில் பார் விளையாடுபவர்கள் கடைசியில் வலையில் விழுந்து துள்ளி எழும்புவதைப் பார்த்து, 1930களில் தன் பயிற்றுநரோடு சேர்ந்து செய்தது அது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் போட்டியாகவும் வந்துவிட்டது. அதைக் கண்ட பிறகு, 2010இல், 96 வயதில்தான் நிசன் காலமானார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓடும்போது கணுக்காலில் விழும் அதிர்ச்சி முதுகிலும் நெற்றியிலும் விழுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றும், ட்ரம்போலினில் அது உடம்பு முழுக்க ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது என்றும் கண்டார்கள். அவர்கள் சோதித்தது 8 இளைஞர்களை. அதை அப்படியே எங்கள் வயதுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் பாய் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்பதை என் முழங்காலும் சொன்னது.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கம், வீடுகளில் ட்ரம்போலின் வைத்து விளையாட வேண்டாம் என்றே சொல்லிவருகிறது. காயங்களில் பெரும்பாலானவை ஒரே பாயில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போது வருகின்றன. பாரமான ஆள் இறங்கும் நேரத்தில் பாரம் குறைந்தவர் பாயில் நின்றால், அவரைப் பாய் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் சிறுபிள்ளைகளுக்கு அதிகம் அடிபடுகிறது. நான் போன இடத்தில் ஒரு பாய்க்கு ஓர் ஆள் என்பதில் அந்தப் பெடியன் விட்டுக்கொடுக்கவே இல்லை; பேத்தி என் பாய்க்குத் தாவி வந்தபோது விசில் அடித்து அனுப்பிவிட்டான். எலும்புத் தேய்வு உள்ளவர்கள், தலைச்சுற்று உள்ளவர்கள், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் ஏறவே கூடாது. பெண்கள் வெளியே சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற உடம்புக்குத் துள்ளும்போது சிறுநீர் கசியலாம். வெட்கப்பட்டு ஒதுங்கத் தேவையில்லை. இடுப்படித் தசைகளுக்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன, கிளினிக்கில் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

சரி, இங்கே யாழ்ப்பாணத்தில் என்ன செய்கிறோம்? நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடுவோம். ‘கிளி’ என்று நிற்பவர் நடுக்கோட்டில் ஓடுவார்; மறிக்கிறவர்களின் கைக்குள் அகப்படாமல் வளைந்து, குனிந்து, சட்டென்று திரும்பிப் பெட்டிக்குப் பெட்டி தாவ வேண்டும். பெரியபிள்ளை ஆனதும் அது நின்றது. பள்ளிக்கூடத்தில் நெற்போல் கொஞ்சக் காலம், பிறகு அதுவும் இல்லை. கலியாணம், வேலை, இடப்பெயர்வு, பிள்ளைகள். ஐம்பது வருடமாக என் கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நிலத்தைவிட்டு எழும்பியதே இல்லை. எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேரின் கதை இதுதான். ஆண்களாவது துடுப்பாட்டத்தையும் கரப்பந்தையும் கொஞ்சம் பிந்தித்தான் கைவிட்டார்கள்.

உடம்பு ஏலாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்லூர்த் திருவிழாவில் விடியற்காலையில் வீதிக்குப் போய்ப் பாருங்கள். அறுபது, எழுபது வயதுப் பெண்கள் முழங்காலில் இருந்து, குனிந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கி எழுந்து, வீதியைச் சுற்றி அடியழிக்கிறார்கள். அது பக்தி. நான் அதை உடற்பயிற்சி என்று சொல்ல வரவில்லை. அந்த வலு எங்கள் உடம்பில் இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். மனம் வைத்தால் உடம்பு வருகிறது. மற்ற நாட்களில் அதை வெளியே எடுக்க ஓர் இடமும் ஒரு காரணமும் வேண்டும்.

பண்ணைக் கடற்கரையில் காலையில் நடக்கிறார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்க ஏலாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்குவார்கள். இன்னொன்று, நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமையில் குறைந்தது 3 நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. விழாமல் இருப்பதற்காக. கிணற்றடியிலும் குளியலறையிலும் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதோடு படுக்கையானவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. திருவிழாக் காலத்தில் வரும் விளையாட்டுத் திடல்களில் வலை கட்டிய சிறு ட்ரம்போலின்களுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். இப்படியான உள்ளரங்கை யாழ்ப்பாணத்தில் பெரிதாக நடத்த நினைக்கிற முதலாளிமாருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் மத்தியானம் வரை பள்ளிக்கூடத்தில், அதற்குப் பிறகு ரியூசனில். கிழமை நாட்களில் காலை முழுக்க உங்கள் மண்டபம் வெறுமையாகக் கிடக்கும், விளக்கும் காற்றாடியும் சும்மா ஓடும். அந்த நேரத்தில் 9 மணியிலிருந்து 10 மணிவரை முதியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் கொடுக்கக்கூடிய கட்டணம் வையுங்கள். பிடித்துக்கொண்டு துள்ளக் கைபிடி பூட்டிய பாய்கள் சில போடுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பெண்களுக்குத் தனியாகக் கிழமையில் ஒரு நாள் இருந்தால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர்களும் வருவார்கள்.

மாநகர சபையும் பிரதேச சபைகளும் சிறுவர் பூங்கா அமைக்கும்போது, பெரியவர்களுக்கு வாங்கு போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வாங்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு தாழ்ந்த மரச்சட்டமும், பெரியவர்கள் பாரம் தாங்கும் ஊஞ்சல் ஒன்றும் போடுவதற்குப் பெரிய செலவு வராது. சித்திரைப் புதுவருடத்துக்குப் புளியமரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடியவர்கள்தானே நாங்கள். ஊஞ்சலில் பெரியவர்கள் ஏறக்கூடாது என்ற பலகையை எழுதுவதைவிட, ஏறக்கூடிய ஊஞ்சல் ஒன்றைக் கட்டலாம்.

போதனா வைத்தியசாலையிலும் மற்றைய இடங்களிலும் பணியாற்றும் இயன்மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ற்) யாராவது இதை வாசித்தால், எந்த வருத்தம் உள்ளவர் எந்த அளவுக்குத் துள்ளலாம், யார் பாய்க்குக் கிட்டவும் போகக் கூடாது என்று இதே பத்திரிகையில் விளக்கமாக எழுத வேண்டும். நான் எழுதியது ஒருத்தியின் அனுபவம். அவர்கள் எழுதினால் வீட்டில் பிள்ளைகளும் நம்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர்,
கொக்குவில்.