போஸ்டர் அச்சுக்குப் போகும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். அங்கன்வாடிச் சுவருக்கு வரும் போஸ்டரில் ஆப்பிளும் திராட்சையும் இருக்கும். '100 கிராம் கீரை' என்றும் இருக்கும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இலையையும் தூளையும் எடை போட்டு வாங்குகிறவர்கள்தான். ஆனால் அடுப்படியில் தராசு ஏது? அங்கே கைப்பிடியும் குழிக்கரண்டியும்தான் அளவு.

அச்சடிக்கும் முன் ஃபோகஸ் குரூப் எனப்படும் குழுக் கலந்துரையாடல் நடத்தினால் இது அங்கேயே பிடிபடும். பெயருக்கு நடத்தினால் பிடிபடாது.

ஒரு குழுவில் 6 முதல் 10 பேர். ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். பேச்சை நடத்த ஒருவர், எழுத ஒருவர். மாமியார் உட்கார்ந்திருக்கும் வளவில் மருமகள் வாய் திறக்க மாட்டாள். இருவருக்கும் தனித்தனிக் குழு வேண்டும். அங்கன்வாடி ஊழியரும் கிராம செவிலியரும் கூட இருந்தால் பாடம் ஒப்பிப்பதுதான் நடக்கும். வகைக்கு ஒரு குழு போதாது. குறைந்தது இரண்டு மூன்று, பேச்சில் புதிதாக எதுவும் வராத நிலை வரும் வரை.

பீடி வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள், கூலி போய்விடும். சுளகை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசட்டும். அனுமதி கேட்டுவிட்டு, ரெக்கார்டரைக் கத்தரிச் சத்தத்துக்குத் தள்ளி வையுங்கள்.

பெரும்பாலும் கேள்வியில்தான் கெடுகிறது. 'தினமும் கீரை சேர்ப்பீங்களா?' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'நேத்து காலையில இருந்து அடுப்புல என்னென்ன வச்சீங்க, யாரு முதல்ல சாப்பிட்டா?' என்றால்தான் முட்டை யார் தட்டுக்குப் போகிறது என்று தெரியும். 'சத்து மாத்திரைய எதோட சேர்த்துப் போடுவீங்க?' என்பதற்கு டீ என்று பதில் வந்தால், போஸ்டரின் முதல் வரி அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்; டீயிலுள்ள டானின் மாத்திரையின் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது.

மாதிரிப் படத்தை எழுத்தை மறைத்துக் காட்டி, 'இதுல என்ன நடக்கு?' என்று கேட்க வேண்டும். 'பிடிச்சிருக்கா?' என்றால் 'நல்லாருக்கு' என்பதோடு முடிந்துவிடும். 6 மாதம் முடிந்த குழந்தைக்கான கெட்டி உணவு என்று வரைந்த கிண்ணத்தைக் கஞ்சித்தண்ணி என்று சொன்னால் குறை படத்தில். கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத கூழாக மறுபடி வரையுங்கள்.

8 பேரில் 5 பேர் சொன்னதை '62 சதவீதம்' என்று அறிக்கையில் எழுதுவது அபத்தம். இது கணக்கெடுப்பு அல்ல; ஏன் அப்படிச் செய்கிறார்கள், அதை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று கேட்பதற்குத்தான்.

திருத்திய படத்தை மானூரிலோ சேரன்மகாதேவியிலோ, அதை இதுவரை பார்க்காத குழுவிடம் காட்டுங்கள். பழைய குழுவுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்துக் கல்விப் பணியாளர்கள்,
பாளையங்கோட்டை