பங்காளிகள் சங்கம், வடசென்னை: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் பெரியப்பா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்கள் இதை வாட்ஸ்அப்பில் படிப்பார்கள், அல்லது படித்ததாகச் சொல்வார்கள்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆடி மாதம் செய்யாறு பக்கத்திலுள்ள குலதெய்வக் கோயிலுக்கு இரண்டு வேன்களில் போய்ப் பொங்கல் வைத்து வந்தோம். ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். செயற்குழு ஆறு முறை கூடியது; அதில் நான்கு முறை கோரம் இருந்தது. மறைந்த மூன்று பெரியவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

இனி வம்சாவளி. “செயலாளர் ஒரு வருஷமா கம்ப்யூட்டரைத் தட்டினதைத் தவிர என்ன செஞ்சாரு?” என்று தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். சாம்பார் ஊற்றும்போது கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வியாசர்பாடி வீட்டுக்குள் புகுந்தபோது, பீரோவின் அடித்தட்டில் இருந்த வம்சாவளி நோட்டு தண்ணீரில் ஊறிவிட்டது. மைப்பேனாவால் எழுதிய பக்கங்கள் ஒரே நீலம். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை மட்டும் தப்பின. தப்பியதை வைத்து கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரே இடத்தில் வைத்ததால்தானே போச்சு, இனி நாலு இடத்தில் இருக்கட்டும் என்று சங்கத்துக் கம்ப்யூட்டர், என் லேப்டாப், பொருளாளரின் கைபேசி, திருவொற்றியூர் தம்பியின் டேப்லெட் என்று நாலிலும் போட்டோம். நாலு இடத்தில் இருப்பது வேறு, நாலும் ஒன்றாக இருப்பது வேறு. இது எனக்குப் புரிய ஏழு மாதம் ஆனது.

நாலு கருவியிலும் ஒரே மென்பொருள் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விவரத்தைக் கொண்டுபோக ஜெட்காம் என்ற கோப்புதான் வழி. அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவத் திருச்சபையினர் 1984-இல் வெளியிட்ட வடிவம் அது; வம்சாவளி மென்பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே அதைப் படிக்கும். ஆனால் அது மூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டி மாதிரி. கொண்டுவந்து இறக்கும், அவ்வளவுதான். இந்த ஆள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்காது. டேப்லெட்டில் தம்பி சேர்த்த இருபது பேருக்காக அவனுடைய கோப்பை என் லேப்டாப்பில் இறக்கினேன். 412 பேராக இருந்த நம் வம்சம் ஒரே ராத்திரியில் 844 ஆனது.

இரட்டையாக வந்தவர்களைக் கண்டுபிடிக்கும் கருவி அந்த மென்பொருளிலேயே உண்டு. ஆனால் நம் வழக்கம் அதற்குத் தெரியாது. நம்மில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைக்கிறோம். அது தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வந்தால் தாத்தாவின் அப்பா பெயரும் பேரனின் அப்பா பெயரும் ஒன்றே. அதனால் இரண்டு பேருக்கும் முதலெழுத்து உட்பட ஒரே பெயர். ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் ‘இணை’ என்று அழுத்திவிட்டேன். ராயபுரம் கிளையின் மூத்தவர் தன் மகனுக்கே மகனாகிவிட்டார். அந்த வீட்டார் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரனின் பிறந்த தேதியை மூன்று முறை கேட்டேன். தந்திருந்தால் இரண்டு பேரும் வேறு என்று எனக்கும் மென்பொருளுக்கும் தெரிந்திருக்கும்.

தேதியிலும் வம்புதான். ஒரு கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எம்டன் குண்டு போட்டபோது அவர் கைக்குழந்தை. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 என்பதால் நான் ‘சுமார் 1914’ என்று போட்டேன். பொருளாளர் கைபேசியில் ‘22-9-1914’ என்றே பிறந்த தேதியாகப் போட்டுவிட்டார். அவர் கடைசியாகச் சேமித்ததால் அவருடையது நின்றது. எது சரி என்று நம் கருவிகள் கேட்கவில்லை, பிந்தியதுதான் நின்றது.

அப்புறம், அழித்தவர்கள் திரும்பி வந்த கதை. இரண்டு வாரம் உட்கார்ந்து இரட்டைகளை நீக்கிய பிறகு, யாரோ பழைய கோப்பைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் மறுபடி இறக்கிவிட்டார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் மறுநாள் காலை வாசலில் நின்று காபி கேட்டது போல அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒழுங்காக ஒத்திசைக்கும் மென்பொருள்கள், அழித்ததையும் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயரே கல்லறைக்கல்தான். நம் கோப்பில் அது இல்லை.

இணையத்தில் பொது ஃபோல்டர் வைக்கும் யோசனையையும் பார்த்துவிட்டோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதியதில் தரவுத்தளம் பாதி இங்கே பாதி அங்கே என்று ஆகித் திறக்கவே மறுத்துவிட்டது. பத்து நாள் முன்பு எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். போட்டோக்கள் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: பழைய ஜெட்காம் கோப்பில் பெரும்பாலும் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான் இருக்கும். என் லேப்டாப் விலாசத்தை உங்கள் கைபேசி எங்கே போய்த் தேடும்?

தை மாதம் முதல் ஒரே ஏற்பாடு. மூலப்பிரதி சங்கத்துக் கம்ப்யூட்டரில், எழுதுவது நான் மட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தேதியிட்ட கோப்பும் படங்களின் ஃபோல்டரும் மற்ற மூன்று கருவிகளுக்கும் போகும். அங்கே பழையதை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும், பழையதன் மேல் இறக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி அந்தப் பிரதியில் இருக்காது. இதைச் சர்வாதிகாரம் என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். அதற்குப் பிறகு ஒருவர்கூட இரண்டாகவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தை மகளைக் கட்டியவர்கள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் தெரிவது பிழையல்ல, உறவே அப்படி. இதற்காகப் போன் செய்ய வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறேன். பங்காளிக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள் என்பவர்கள் தங்கள் மகளிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பதினொரு கிளைகளில் நான்கிலிருந்து இன்றுவரை குடும்ப விவரப் படிவம் வரவில்லை. எங்கள் பெயர் விட்டுப்போச்சு என்று முதலில் சண்டைக்கு வருபவர்களும் அந்த நான்கு கிளைக்காரர்கள்தான். காசிமேட்டுச் சித்தப்பா படிவம் பூர்த்தி செய்யவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். தேதி, பெற்றோர், தாய்மாமன் எல்லாம் அதிலேயே கிடைத்தன. படிவம் பிடிக்காதவர்கள் அப்படிச் செய்யலாம்.

வரவு செலவைப் பொருளாளர் பார்த்துச் சரி என்றிருக்கிறார். கையிருப்பு, போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியது தவிர வம்சாவளிக்குச் சங்கப் பணம் செலவாகவில்லை. லேப்டாப், இணையக் கட்டணம் என் சொந்தம்; அதைக் கேட்கவும் மாட்டேன். சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய், மாதத்துக்கு ஐம்பது. இரண்டு வருடமாகத் தராதவர்களின் பெயரை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் பெரியப்பா சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

கூட்டத்துக்கு மாடியைத் தந்த வண்ணாரப்பேட்டை அண்ணனுக்கும், பந்தல், மைக் தந்தவர்களுக்கும், டீ போட்டுக் கொடுத்த வீட்டுப் பெண்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு என் கண்ணுக்கு ஆபரேஷன் இருக்கிறது. செயலாளர் பதவியில் நீடிப்பதா என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும். மூலப்பிரதியின் பாஸ்வேர்டு இப்போது எனக்கு மட்டுமே தெரியும், அது நல்லதல்ல. கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது சனிக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் கற்றுத் தருகிறேன். விவரம் தர வேண்டிய நான்கு கிளைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் மேசையருகே வந்தால் நானே எழுதிக்கொள்வேன். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்