மிஸுனோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் காதல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டு, அதே கதையின் மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை வடிவத்தை, படத்தின் நகல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. எனக்கு மனம் ஆறவில்லை.

மகோட்டோ ஷின்காயின் படம் 2007இல் வந்தது; ஓடுவது 63 நிமிடம். யுகிகோ செய்கே வரைந்த மங்கா 2010இல் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் தொடராகத் தொடங்கியது. மகள் வாங்கி வைத்திருந்ததை எடுத்தேன். வலமிருந்து இடமாகப் படிக்கக் கண் பழகும்வரை தடுமாற்றம்தான். அப்புறம் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை.

கட்டுரையாளர் சொக்கிப்போன இடத்தில் நானும் சொக்கினேன். ஏழாம் வகுப்புப் பையன் தகாகி, தோச்சிகிக்குக் குடிபோய்விட்ட அகாரியைப் பார்க்கத் தோக்கியோவிலிருந்து ரயில் மாறி ரயில் மாறிப் போகிறான். கொட்டும் பனியில் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. அவளுக்கு எழுதிய கடிதம் பிளாட்பாரக் காற்றில் பறந்துபோகிறது. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவன் இவாஃபுனே ஸ்டேஷனில் இறங்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது. தன் கையால் செய்த சாப்பாட்டோடு அவள் ஸ்டேஷனில் குளிர்காயும் அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பையிலும் ஒரு கடிதம். அவளும் கொடுக்கவில்லை.

இதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. மங்காவில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவள் மிஸுனோ. வளர்ந்து, வேலைக்குப் போன தகாகியோடு பழகும் பெண். ஆயிரம் மெயில் எழுதியும் நம் மனசு ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கும் என்ற பொருளில் அவள் சொல்வது படத்தில் சட்டென்று கடந்துவிடும். செய்கே அவளுக்கு இடம் கொடுக்கிறார். தகாகி அவளை அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்; மனசு மட்டும் அந்தப் பனியிலேயே நிற்கும். இப்படிப்பட்டவரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்களை எனக்குத் தெரியும். ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்லும்.

கனாயேவும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறாள். தகாகி பிறகு குடிபோன, ராக்கெட் ஏவும் தனேகாஷிமா தீவில் அவனோடு படித்தவள். அலைமேல் சறுக்குப் பலகையில் நிற்க முடிகிற அன்றைக்குக் காதலைச் சொல்லிவிடுவது என்று வைராக்கியம். நின்றும்விடுகிறாள், வாய்தான் வரவில்லை. மங்கா முடிவில் அவளைத் தேடிப்போகிறது. வருஷங்கள் போயும் அவனை மறக்க முடியாமல் தோக்கியோவுக்கு வருகிறாள். இவன் நோய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நான் படித்தேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அகாரிக்கும் அந்த இரவு நினைவிருக்கிறது. நினைவிருந்தும் அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். முதல் காதலை மறக்காததே பெருமை என்று எழுதிய உங்கள் கட்டுரையாளர் இவளைப் பற்றி ஏன் பேசவே இல்லை?

பி.கு.: செர்ரிப் பூவிதழ் விழும் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று தகாகி சொல்வதாக அச்சிட்டிருக்கிறீர்கள். சொல்பவள் அகாரி.

வாசகி,
கும்பகோணம்