ஓவிய வகுப்பு ஆண்டறிக்கை: கெல்ஸ் புத்தகமும் மாசிக்காய் மையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

டப்ளினில் நம் சங்கம் நடத்தும் ஞாயிறு ஓவிய வகுப்பின் அறிக்கை இது. பொங்கல் விழாவும் கோடைச் சந்திப்பும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது கெல்ஸ் புத்தகத்தைப் பற்றி.

கி.பி. 800 வாக்கில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதி வரைந்த நூல் அது. டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பழைய பைபிள் என்றதுமே பிள்ளைகள் முகம் சுருங்கியது. சரி, படத்திலிருந்து தொடங்குவோம் என்று, கில்கென்னியின் கார்ட்டூன் சலூன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' என்ற அனிமேஷன் திரைப்படத்தைப் போட்டோம். அந்தப் புத்தகம் உருவான கற்பனைக் கதை அது. முதல் வாரம் புரொஜெக்டர் மக்கர் செய்தது. அடுத்த வாரம் 75 நிமிடமும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

படத்தில் சிறுவன் பிரெண்டன் காட்டுக்குள் போய்க் காய் பறித்து வருவான். அதிலிருந்து பச்சை மை வரும். அது என்ன காய் என்று ஒரு பெண் கேட்டாள். குளவி முட்டையிட்ட இடத்தில் ஓக் மரத்தில் புடைத்து வருவது. நம் பாட்டிகள் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயும் அதே வகைதான். அடுத்த ஞாயிறு ஓர் அம்மா, உரைமருந்து டப்பாவிலிருந்த நான்கு காய்களை முந்தின இரவே தட்டி ஊறவைத்துக் கொண்டுவந்தார். அன்னபேதியும் (இரும்பு உப்பு) வேலம்பிசினும் சேர்த்தோம். பச்சை வரவில்லை. தாளில் வெளிறிய சாம்பல் நிறமாகத்தான் விழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. "படம் பொய் சொல்லிச்சு" என்றான் ஒரு பையன். துறவிகள் எழுத்துக்குப் பயன்படுத்தியது இப்படிப்பட்ட மைதான். பச்சைக்குச் செம்புக் களிம்பு போன்றவை வேறு. இன்னும் எதெல்லாம் பொய் என்று பிள்ளைகள் தேடத் தொடங்கியதில் எனக்குச் சந்தோஷமே.

அப்புறம் நேரில் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்த இரண்டு பக்கங்கள்தான் தெரியும். கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகளை அலங்கரித்து வரைந்த, நாங்கள் ஆசைப்பட்ட 'கை ரோ' பக்கம் அன்று திறந்திருக்கவில்லை. வகுப்புக்குத் திரும்பி இணையப் பிரதியைப் பெரிதாக்கினோம். அந்தப் பக்கத்தின் அடியில் எலிகள் அப்பத்தைக் கடிக்க, இரண்டு பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் வரும் வெள்ளைப் பூனை பாங்குர் பானைப் பார்த்திருந்த பிள்ளைகள் ஒரே கூச்சல். அந்தப் பெயர் ஐரிஷ் துறவி ஒருவர் 9ஆம் நூற்றாண்டில் தன் பூனையைப் பற்றி எழுதிய பாட்டிலிருந்து வந்தது.

அந்தப் புத்தகத்தில் வரும் பின்னல் அலங்காரத்தை வரைவதில்தான் திணறினோம். வகுப்புக்கு வந்திருந்த ஒரு பாட்டி "இது சிக்குக் கோலந்தானே" என்றார். பின்னலில் கோடு ஒருமுறை மேலே, அடுத்தமுறை கீழே போவதுதான் வித்தியாசம். அவர் சொன்னபடி புள்ளி வைத்துத் தொடங்கிய பிறகே இழை தொலையாமல் வந்தது.

ஒரு குறை. அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் சொல்வதே இல்லை. லத்தீனில் நான்கு சுவிசேஷங்கள் என்று நாம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வரும் ஆண்டு பேனாவாகச் சீவ வாத்து இறகும், பழகிப் பார்க்கச் சிறு துண்டுக் கன்றுத்தோலும் வாங்கப் பொதுக்குழுவின் அனுமதி வேண்டும். தோல் வேண்டாம் என்று சில குடும்பங்கள் சொல்லியிருக்கிறார்கள்; அந்தப் பிள்ளைகளுக்குத் தாள் கொடுப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்